கிருமியைக் கொல்வது பாதி வேலைதான்: தொற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி வழங்கும் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

விலங்குகளின் நோய் எதிர்ப்பு மண்டலத்திலிருந்து மனித மருத்துவத்துக்குப் பாடம் கற்கிறோம் என்று சொல்லி உங்கள் மேசைக்கு வரும் விண்ணப்பங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. ஒரு தவளையின் தோலில் பெப்டைடு என்ற குட்டிப் புரதம், ஒரு சுறாவின் இரத்தத்தில் ஆன்டிபாடி, அதாவது கிருமியைப் பற்றிக்கொள்ளும் புரதம். அது கிருமியைக் கொல்கிறது. நிதி தந்தால் பிரித்தெடுத்து மருந்தாக்கிவிடுவோம். இவற்றை எழுதுகிறவர்கள் எங்களைப் போல இந்தத் துறையில் ஊறியவர்கள்தான். எதற்குப் பணம் கிடைக்கும் என்று பார்த்துத்தான் எழுதுகிறோம். ஆகவே படிவத்தை மாற்றும் இடத்தில் இருக்கும் உங்களிடம் பேசுவதே முறை.

எங்கள் வாதம் சுருக்கமானது. தொற்றை எதிர்கொள்ளும் விலங்குக்கு இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, கிருமியைக் கொல்வது. மற்றது, கொல்லும் அவசரத்தில் தன் உடம்பையே கெடுத்துக்கொள்ளாமல் இருப்பது. முதலாவதை எதிர்ப்பு என்றும் இரண்டாவதைத் தாங்குதிறன் என்றும் சொல்கிறோம். பயிர் நோய்களைப் படிப்பவர்களுக்கு இந்த வேறுபாடு நூறாண்டுக்கும் மேலாகப் பழகியது. மருத்துவம்தான் தாமதமாக வந்து சேர்ந்தது; இன்னமும் முதலாவதற்கே பணத்தைக் கொட்டுகிறது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது என்பார்களே, தொற்றுக்கு உடல் காட்டும் மிகையான எதிர்வினை உறுப்புகளையே கெடுக்கும் செப்சிஸ் கிட்டத்தட்ட அதுதான். பூச்சியைக் கொல்லும் மருந்துகள் கையில் நிறைய இருக்கின்றன. தீயை எப்போது, எந்த அளவில் அணைப்பது என்பதில்தான் தடுமாறுகிறோம். அதைத் தெரிந்துவைத்திருக்கும் விலங்குகள் இருக்கின்றன.

மேற்கு ஆப்பிரிக்காவின் சூட்டி மாங்கபே குரங்கை எடுத்துக்கொள்ளுங்கள். மனிதர்களுக்கு வந்த எச்.ஐ.வி.-2 இந்தக் குரங்குக்குள் வாழும் எஸ்.ஐ.வி. என்ற வைரஸிலிருந்து பிறந்தது. மாங்கபேயின் இரத்தத்தில் எஸ்.ஐ.வி. ஏராளமாகப் பெருகுகிறது, அப்படியும் எய்ட்ஸ் வருவது மிக அரிது. அதே வைரஸ் ஆசியாவின் ரீசஸ் குரங்குக்குள் போனால் எய்ட்ஸில் கொண்டுபோய் விடுகிறது. மாங்கபே வைரஸை நன்றாகக் கொல்கிறது என்று இதற்கு விளக்கம் சொல்ல முடியாது, ஏனென்றால் அது கொல்வதே இல்லை. தொற்று ஏறிய முதல் நாள்களில் இரண்டு குரங்குகளும் ஒன்றுபோலவே இன்டர்ஃபெரான் என்ற அபாய அறிவிப்புப் புரதத்தைச் சுரந்து, வைரஸ் எதிர்ப்பு மரபணுக்களை முடுக்கிவிடுகின்றன. சில வாரங்களில் மாங்கபேயில் அந்த ஆரவாரம் அடங்குகிறது. ரீசஸில் அடங்குவதில்லை. குடலின் உட்சுவர் சிதைந்து, குடல் பாக்டீரியாவின் துணுக்குகள் இரத்தத்தில் கசிந்து, அந்தக் கசிவே அடுத்த சுற்று அழற்சிக்கு எண்ணெய் வார்க்கிறது. 2018-இல் மாங்கபேயின் மரபணுத் தொகுதி வெளியானபோது, பாக்டீரியத் துணுக்குகளை உணரும் டி.எல்.ஆர்.4 என்ற உணர்வி அதில் மாறியிருப்பதும், அதனால் மந்தமாக வேலை செய்வதும் தெரியவந்தது.

இதைப் படித்தவுடன், அப்படியானால் ரீசஸுக்கு இன்டர்ஃபெரானை முதலிலேயே அடைத்துவிட்டால் போதாதா என்று தோன்றும். செய்து பார்த்தார்கள்; 2014-இல் முடிவுகள் வெளியாயின. தொற்றின் தொடக்கத்தில் இன்டர்ஃபெரான் உணர்வியை அடைத்த குரங்குகளில் அழற்சி குறைந்தது உண்மைதான். ஆனால் வைரஸ் ஆழமாக வேரூன்றி, எய்ட்ஸ் சீக்கிரமே வந்தது. மறுபுறம், இன்டர்ஃபெரானை மருந்தாகக் கொடுத்த குரங்குகளில் முதலில் தொற்றே பிடிக்கவில்லை. தொடர்ந்து கொடுத்துக்கொண்டே போனபோது உடல் அந்த மருந்துக்கு மரத்துப்போய், தொற்று எளிதாகவும் சேதம் வேகமாகவும் ஆனது. ஒரே மூலக்கூறு, முதல் வாரத்தில் காவல், பிறகு கேடு. எங்கள் துறை உங்களுக்குத் தரக்கூடிய மிகப் பெரிய பாடம் இந்த ஒரு சோதனையில் அடங்கியிருக்கிறது. எந்தப் பொருள் என்பதோடு எந்த நாளில் என்று கேட்காத விண்ணப்பத்தை அரைகுறை என்றே கருதுங்கள்.

மனிதர்களில் இதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. 2020-இல் பிரிட்டனில் நடந்த ரெகவரி சோதனையில் கோவிட் நோயாளிகளுக்கு டெக்ஸாமெத்தசோன் நாளுக்கு 6 மில்லிகிராம் வீதம், அதிகபட்சம் 10 நாள் கொடுத்தார்கள். செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தவர்களில் 28 நாளுக்குள் இறந்தோர் 41.4 சதவீதத்திலிருந்து 29.3 சதவீதமாகக் குறைந்தார்கள். ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதே மருந்தால் எந்தப் பலனும் இல்லை; எண்ணிக்கை சற்றுப் பாதகமாகவே சாய்ந்தது. வைரஸை இந்த மருந்து தொடக்கூட இல்லை. விலை மலிவான, பழைய ஸ்டீராய்டு. அது செய்தது தீயை அணைத்தது மட்டும், அதுவும் எரிந்துகொண்டிருந்தவர்களிடம் மட்டும்.

அடுத்து வௌவால். கடந்த சில ஆண்டுகளாக இந்தப் பெயர் இல்லாத விண்ணப்பமே இல்லை என்பதால் கொஞ்சம் நின்று பேசுகிறோம். வௌவால் பறக்கும்போது அதன் வளர்சிதை மாற்றம் பல மடங்கு எகிறி, உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. அந்த உழைப்பில் செல்களிலிருந்து டி.என்.ஏ. துணுக்குகள் இடம் தவறிச் சிதறுகின்றன என்று கருதப்படுகிறது. மற்றப் பாலூட்டிகளின் உடலில் இடம் தவறிய டி.என்.ஏ. என்றால் வைரஸ் புகுந்ததற்கான அபாயமணி. பறக்கும்போதெல்லாம் மணி அடித்தால் வௌவால் பிழைக்காது. ஆகவே மணியின் நாக்கைப் பரிணாமம் கொஞ்சம் தேய்த்துவிட்டிருக்கிறது என்பது இப்போதுள்ள விளக்கம். இடம் தவறிய டி.என்.ஏ. பற்றிய சேதியைக் கடத்தும் ஸ்டிங் என்ற புரதத்தில் 358-ஆம் இடத்தில் மற்றப் பாலூட்டிகளுக்கெல்லாம் செரின் என்ற அமினோ அமிலம் இருக்கும். வௌவால்களில் அது வேறாக மாறியிருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் அந்த இடத்தில் செரினைத் திரும்ப வைத்தால் புரதம் பழைய வேகத்துக்கு வந்துவிடுகிறது. அழற்சியைத் தொடங்கிவைக்கும் என்.எல்.ஆர்.பி.3 புரதமும் வௌவால் செல்களில் அடக்கமாகவே இயங்குகிறது. அதனால் அழற்சி குறைகிறதே தவிர வைரஸின் அளவு பெரிதாக மாறவில்லை என்று 2019-இல் காட்டினார்கள். இரண்டு கண்டுபிடிப்புகளும் தாங்குதிறன் பக்கமே கை காட்டுகின்றன.

ஆனால் வௌவாலைத் தெய்வமாக்கி வரும் விண்ணப்பங்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். சுமார் 1,400 வௌவால் இனங்கள் உண்டு. ஒன்றின் ரகசியம் இன்னொன்றுக்குப் பொருந்தாது. ஆஸ்திரேலியாவின் கறுப்புப் பழவௌவாலில் இன்டர்ஃபெரான்-ஆல்ஃபா மரபணுக்கள் மூன்றாகச் சுருங்கி, தொற்று இல்லாதபோதும் இயங்கிக்கொண்டிருக்கின்றன. எகிப்தியப் பழவௌவாலிலோ இன்டர்ஃபெரான்-ஒமேகா மரபணுக்கள் பெருகிக் கிடக்கின்றன. வெறிநோய் வைரஸ் வௌவாலையும் கொல்லும். வட அமெரிக்காவில் 2006-இல் தலைகாட்டிய வெண்மூக்கு நோய், குளிர்கால உறக்கத்தில் இருக்கும் வௌவால்களை லட்சக்கணக்கில் அழித்தது. அந்தப் பூஞ்சை குளிரில் வளர்வது. உறங்கும் உடலில் எதிர்ப்பு மண்டலமும் அரைத் தூக்கத்தில்தான் இருக்கும். இடையிடையே விழித்து விழித்துச் சேமித்த கொழுப்பைத் தீர்த்துவிட்டு வௌவால் சாகிறது. எந்தச் சூழலில் ஒரு தற்காப்பு தோற்கிறது என்று சொல்லத் தெரியாதவருக்கு, அது எப்படி வெல்கிறது என்பதும் தெரிந்திருக்காது. எனவே விண்ணப்பத்தில் தோல்விக்கு ஒரு பத்தி கட்டாயமாக இருக்கட்டும்.

அளவுகளையும் பாருங்கள். சிறிய பாலூட்டியிடமிருந்து ஒரு தடவையில் உடல் எடையில் 1 சதவீதத்துக்கு மேல் இரத்தம் எடுக்கக் கூடாது என்பது பொதுவான வரம்பு. 20 கிராம் வௌவாலுக்கு அது 0.2 மில்லிலிட்டர். அதில் பாதி சீரமாக, அதாவது செல்கள் நீங்கிய தெளிந்த நீராக, தேறினால் அதிகம். இந்த 0.1 மில்லிலிட்டரை வைத்துக்கொண்டு வாரம் தவறாமல் எதிர்ப்புச் செல்கள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பும் புரதங்களான சைட்டோகைன்கள் இருபதை அளப்போம் என்று ஒருவர் எழுதியிருந்தால், அவர் வௌவாலைக் கையில் பிடித்ததில்லை என்று அர்த்தம். அந்தப் பிராணி அடுத்த ஊசிக்குள் இரத்தத்தை ஈடுகட்டவும் நாள் வேண்டும். வௌவால் செல்களை 37 டிகிரியில் மட்டும் வளர்த்துவிட்டு முடிவு சொல்கிறவர்களிடம், 40-41 டிகிரியில் என்ன ஆகிறது என்று கேளுங்கள்.

நோயுற்ற விலங்கு தீனியைத் தொடாது என்பது மாடு வளர்ப்பவர் எல்லாருக்கும் தெரியும். லங்கணம் பரம ஔஷதம் என்று நம் பெரியவர்களும் சொல்லிவைத்தார்கள். 2016-இல் வெளியான சுண்டெலி ஆய்வு ஒன்று இதைப் பாதி மெய்யென்றும் பாதி பொய்யென்றும் காட்டியது. லிஸ்டீரியா என்ற பாக்டீரியா தொற்றிய எலிகளுக்கு வற்புறுத்தி உணவூட்டினால் அவை செத்தன. குற்றவாளி உணவிலிருந்த குளுக்கோஸ். இன்ஃபுளூயன்சா வைரஸ் தொற்றிய எலிகளிலோ எல்லாம் தலைகீழ்: ஊட்டினால் பிழைத்தன, குளுக்கோஸைத் தடுத்தால் செத்தன. இரண்டிலும் கிருமியின் எண்ணிக்கை பெரிதாக மாறவில்லை. பாக்டீரிய அழற்சியில் பட்டினியால் உண்டாகும் கீட்டோன் உடலங்கள் மூளையைக் காத்தன. வைரஸ் அழற்சியில் செல்கள் தங்கள் உள் நெருக்கடியைச் சமாளிக்கக் குளுக்கோஸ் தேவைப்பட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரே ஊட்டக் கரைசலைத்தான் எல்லாத் தொற்றுக்கும் குழாயில் விடுகிறோம். எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்தச் சொல்லவில்லை. மனிதரில் சோதித்துப் பார்க்க வேண்டிய கேள்வி இது, செலவும் குறைவு. காப்புரிமை எடுக்க எந்த மூலக்கூறும் இல்லாததால் கேட்பாரற்றுக் கிடக்கிறது. பொதுப் பணம் போக வேண்டிய இடம் இதுதான் என்பது எங்கள் கருத்து.

தாங்குதிறனை எப்படி அளப்பது என்று உங்கள் மதிப்பீட்டாளர்கள் கேட்பார்கள். வரைபடத் தாள் ஒன்று போதும். கிடை அச்சில் கிருமியின் அளவு. நிலை அச்சில் விலங்கின் நலம், அதாவது எடை, உடல் வெப்பம், இரத்தச் சர்க்கரை, லாக்டேட், சிறுநீரக, ஈரல் சேதத்தின் அடையாளங்கள். ஒவ்வொரு விலங்கும் ஒரு புள்ளி. கிருமி கூடக் கூட நலம் செங்குத்தாகச் சரிந்தால் தாங்குதிறன் குறைவு. சரிவு மெதுவாக இருந்தால் அதிகம். இதற்குக் குறைந்தது நான்கைந்து வெவ்வேறு கிருமி அளவுகளில் தொற்ற வைக்க வேண்டும். ஒரே ஓர் அளவில் செய்துவிட்டு, மருந்து கொடுத்த எலிகள் நன்றாக இருந்தன என்று எழுதினால், கிருமி குறைந்ததால் நன்றாக இருந்தனவா, கிருமி இருந்தும் நன்றாக இருந்தனவா என்று யாராலும் சொல்ல முடியாது. நாங்கள் பார்க்கும் கட்டுரைகளில் இந்தத் தவறு மிகச் சாதாரணம்.

இதையே ஒரே விலங்கில் நாள்தோறும் குறித்துக்கொண்டு வந்தால் புள்ளிகள் ஒரு வளையமாக நகர்வதைக் காணலாம். முதலில் கிருமி ஏறும், நலம் அசையாது. பிறகு நலம் இறங்கும். பிறகு கிருமி இறங்கிவிடும், நலம் இன்னும் கீழேயே கிடக்கும். கடைசியில் மெல்ல மேலேறித் தொடங்கிய இடத்துக்குத் திரும்பும். தேறும் விலங்குக்கும் சாகும் விலங்குக்கும் உள்ள வித்தியாசம் பல நேரம் இந்தக் கடைசிக் கால்வாசியில்தான் தெரியும். பெரும்பாலான ஆய்வுத் திட்டங்களோ மூன்றாம் நாளில் எலியைக் கொன்று, மண்ணீரலை அரைத்து, கிருமியை எண்ணிவிட்டு மூட்டை கட்டிவிடுகின்றன. தேறும் கட்டம் யாருடைய கணக்கிலும் வருவதில்லை. எடை 20 சதவீதம் குறைந்தால் விலங்கைத் துன்பத்திலிருந்து விடுவிப்பது என்ற மனிதாபிமான வரம்பு வழக்கத்தில் இருக்கிறது. அதை மீற வேண்டாம். மிதமான கிருமி அளவைத் தேர்ந்தெடுத்தால், வரம்பைத் தொடாமலே முழு வளையத்தையும் பார்த்துவிடலாம்.

எலி என்றதும் எலியின் வீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மனிதத் தன்னார்வலருக்கு எண்டோடாக்சின் என்ற பாக்டீரியச் சுவர் நச்சை உடல் எடையில் கிலோவுக்கு 2 முதல் 4 நானோகிராம் செலுத்தினாலே காய்ச்சலும் நடுக்கமும் வந்துவிடும். எலியைக் கொல்லக் கிலோவுக்கு மில்லிகிராம் கணக்கில் வேண்டும். ஏறத்தாழப் பத்து லட்சம் மடங்கு. இதை எலி மோசமான மாதிரி என்பதற்குச் சான்றாகத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். நாங்கள் திருப்பிக் கேட்கிறோம்: எலிக்கு எப்படி அவ்வளவு தாங்குகிறது? அதன் சீரத்திலேயே அழற்சியை அடக்கும் புரதங்கள் இருப்பதற்கான அறிகுறிகள் உண்டு. மாதிரி என்ற பட்டத்தைக் கழற்றிவிட்டு எலியையும் ஒரு விலங்காகப் பார்த்தால் அதுவும் வாத்தியார்தான்.

ஆனால் ஆய்வுக்கூட எலி ஒரு விநோதமான பிறவி. அதன் கூண்டு 20-22 டிகிரியில் இருக்கும். அதற்கு உகந்ததோ 30 டிகிரியை ஒட்டியது. ஆயுள் முழுக்க லேசான குளிரில் நடுங்கிக்கொண்டிருக்கும் உடல், தொற்று வந்தால் காய்ச்சலுக்குச் செலவழிக்க வேண்டியதை உடம்பைச் சூடாக வைத்திருக்கவே செலவழிக்கிறது. கிருமியே காணாத சுத்தத்தில் வளர்வதால் அதன் எதிர்ப்பு மண்டலம் வளர்ந்த மனிதருடையதைவிடப் பிறந்த குழந்தையுடையதை ஒத்திருக்கிறது என்று 2016-இல் காட்டப்பட்டது. கடையில் விற்கும் வளர்ப்பு எலிகளோடு ஒரே கூண்டில் விட்டபோது அது முதிர்ந்தது. 2019-இல் இன்னும் ஒரு படி போனார்கள். ஆய்வுக்கூட எலியின் கருவைக் காட்டெலியின் வயிற்றில் வளர்த்தார்கள். மரபணு ஆய்வுக்கூட எலியுடையது, உடம்பில் குடியேறிய நுண்ணுயிர்கள் காட்டெலியுடையவை. வழக்கமான எலிகளில் பிரமாதமாகவும் மனிதர்களில் படுதோல்வியாகவும் முடிந்த இரண்டு சிகிச்சைகளை இந்த எலிகளுக்குக் கொடுத்தபோது, மனிதர்களில் நடந்ததே நடந்தது.

அந்த இரண்டில் ஒன்று, டி செல்களைத் தூண்டும் டி.ஜி.என்.1412 என்ற ஆன்டிபாடி மருந்தின் எலி வடிவம். 2006 மார்ச்சில் லண்டனில் ஆறு தன்னார்வலர்களுக்கு அந்த மருந்தைக் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் செலுத்தினார்கள். குரங்குகள் அதைப் போல 500 மடங்கை எந்தச் சிக்கலுமின்றித் தாங்கியிருந்தன. ஒன்றரை மணி நேரத்துக்குள் ஆறு பேருக்கும் சைட்டோகைன் புயல் தொடங்கி, எல்லாரும் தீவிர சிகிச்சைக்குப் போனார்கள். காரணம் பிறகு தெரிந்தது: மருந்து பற்றிக்கொள்ளும் சி.டி.28 என்ற புரதம், மனிதரின் ஒரு வகை நினைவு டி செல்களில் இருக்கிறது, அந்தக் குரங்கின் அதே வகைச் செல்களில் இல்லை. சில வாரங்கள் செலவழித்து இரண்டு இனங்களின் செல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் பிடிபட்டிருக்கும். எனவே கூண்டின் வெப்பநிலை, விலங்கு இதுவரை கண்ட கிருமிகள், இலக்குப் புரதம் எந்தெந்தச் செல்களில் இருக்கிறது என்ற இன ஒப்பீடு ஆகிய மூன்றும் இல்லாத விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புங்கள்.

இப்போது ஆயுதங்களுக்கு வருகிறோம். அவை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. தேர்வை இறுக்குங்கள் என்கிறோம். 1987-இல் மைக்கேல் சாஸ்லாஃப், அறுவைக்குப் பின் அழுக்குத் தண்ணீரில் விட்ட ஆப்பிரிக்கத் தவளைகளின் காயம் சீழ் பிடிக்காமல் ஆறுவதைக் கவனித்து, தோலிலிருந்து மகைனின் என்ற 23 அமினோ அமிலப் பெப்டைடைப் பிரித்தார். அதன் வழிவந்த பெக்சிகனான் களிம்பை, நீரிழிவுக் காலின் புண்ணுக்கான மருந்தாக 1999-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஏற்கவில்லை. 2016-இல் வந்த பெரிய சோதனைகளிலும் வெறும் களிம்பை அது வெல்லவில்லை. பன்றியின் வெள்ளணுப் பெப்டைடிலிருந்து வடிவமைத்த முரெபவாடின், 2019-இல் மூன்றாம் கட்டச் சோதனையில் சிறுநீரகத்தைத் தாக்கியதால் நிறுத்தப்பட்டது.

இந்தத் தோல்விகளுக்குப் பின்னால் ஒரு பொதுவான சிக்கல் உண்டு. இவை நேர்மின்னூட்டம் கொண்ட பெப்டைடுகள்; பாக்டீரியாவின் எதிர்மின்னூட்டச் சவ்வில் ஒட்டித் துளைக்கின்றன. தவளைத் தோலின் சுரப்பியிலும் வெள்ளணுவின் உள்ளறையிலும் இவை ஓரிடத்தில், அதிகச் செறிவில், கொஞ்ச நேரத்துக்கு வெளியாகின்றன. இரத்தத்தில் விட்டால் சோடியமும் மக்னீசியமும் கால்சியமும் சவ்வில் முந்திக்கொண்டு இடம் பிடித்துவிடுகின்றன, சீரப் புரதங்கள் பெப்டைடைப் பற்றிக்கொள்கின்றன, நொதிகள் லைசின், ஆர்ஜினின் வரும் இடங்களில் வெட்டிப் போடுகின்றன. உப்புக் குறைந்த கரைசலில் சோதித்தால் பெப்டைடு அசகாயசூரனாகத் தெரியும். பாலிஸ்டைரீன் தட்டில் சோதித்தால் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு சப்பையாகத் தெரியும். இரண்டும் பொய். பாலிபுரொப்பிலீன் தட்டில், 150 மில்லிமோலார் உப்பு, 1 மில்லிமோலார் மக்னீசியம், உடலில் உள்ள அளவுக்குக் கால்சியம், பாதிக்குப் பாதி மனிதச் சீரம் சேர்த்து, கிருமியின் வளர்ச்சியை நிறுத்தும் குறைந்தபட்சச் செறிவைக் கேளுங்கள். பக்கத்திலேயே மனிதச் சிவப்பணுக்களில் 10 சதவீதத்தை உடைக்கும் செறிவையும், சிறுநீரகக் குழாய்ச் செல்களைக் கொல்லும் செறிவையும் கேளுங்கள். கொல்லும் செறிவுக்கும் கெடுக்கும் செறிவுக்கும் நடுவில் பத்து மடங்கு இடைவெளிகூட இல்லையென்றால் உடம்பு முழுக்கப் பரவும் மருந்தாக அது தேறாது. களிம்பாகவோ கருவிகளின் மேற்பூச்சாகவோ யோசிக்கலாம். இதற்கு எதிராகப் பாக்டீரியாவால் தப்பவே முடியாது என்ற வாக்கியத்தையும் நம்ப வேண்டாம். பெக்சிகனானைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போனபோது 600-700 தலைமுறைகளில் பாக்டீரியா பழகிக்கொண்டது 2006-இல் வெளியான ஆய்வில் பதிவாகியிருக்கிறது.

ஒட்டகக் குடும்பத்தின் கதை இதைவிட நல்ல கதை. சாதாரண ஆன்டிபாடி 150 கிலோடால்டன் எடை, இரண்டு வகைச் சங்கிலிகள். ஒட்டகம், லாமா, அல்பாகாவின் இரத்தத்தில் கனமான சங்கிலி மட்டுமே உள்ள ஆன்டிபாடிகளும் உண்டு என்று 1993-இல் பிரஸ்ஸல்ஸ் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அதன் நுனி மட்டும் தனியாக நின்று வேலை செய்யும். எடை 15 கிலோடால்டன்தான். அதை நானோபாடி என்கிறோம். லாமாவுக்குச் சில வாரங்களில் நான்கு முதல் ஆறு ஊசி போட்டு, கடைசி ஊசிக்குச் சில நாள் கழித்து 100 மில்லிலிட்டர் அளவில் இரத்தம் எடுத்து, வெள்ளணுக்களின் ஆர்.என்.ஏ.-வை டி.என்.ஏ. ஆக்கிப் பெருக்கினால், ஜெல்லில் இரண்டு பட்டைகள் விழும். 900 காரஇணை (டி.என்.ஏ. நீளத்தின் அலகு) அளவில் விழுவது சாதாரண ஆன்டிபாடி. 700-இல் விழுவது நமக்கு வேண்டியது. வெட்டும் கத்தி கொஞ்சம் மேலே நழுவினால் சேர்த்துவைக்கும் மரபணுத் துண்டுகளின் நூலகம் முழுக்கச் சாதாரண ஆன்டிபாடியின் துண்டுகள் கலந்து, பின்னால் ஒட்டலும் திரிதலுமாகப் படுத்தும். அடுத்த பொறி, இலக்குப் புரதத்தை நேராகப் பிளாஸ்டிக்கில் பூசித் தேர்ந்தெடுப்பது. பூசும்போதே புரதம் உருக்குலைந்துவிடும். கிடைப்பவை உருக்குலைந்த வடிவத்துக்குச் சாவியாகப் பொருந்தும், உயிருள்ள வைரஸுக்குப் பொருந்தா. பயோட்டின் என்ற பிடிமான மூலக்கூறு ஒட்டிய புரதத்தைக் கரைசலிலேயே வைத்துத் தேர்ந்தெடுங்கள் என்று மதிப்பீட்டாளர் ஒரு வரி எழுதினால் ஓராண்டு மிச்சமாகும். இத்தனையும் சரியாக நடந்தாலும் சிறுநீரகம் இந்தச் சின்னப் புரதத்தைச் சில மணி நேரத்தில் வடித்துக் கொட்டிவிடும். இரத்தத்தில் நெடுநாள் தங்கும் ஆல்புமின் புரதத்தைப் பற்றும் இன்னொரு நானோபாடியோடு இணைப்பது வழக்கமான தீர்வு.

பசுவுக்கு ஒரு வரி. எச்.ஐ.வி. உறைப்புரதத்தை ஊசியாகப் பெற்ற நான்கு பசுக்களிலும் பல வகை எச்.ஐ.வி.-யை அடக்கும் ஆன்டிபாடிகள் விரைவில் தோன்றின, ஒன்றில் 42 நாளிலேயே, என்று 2017-இல் செய்தி வந்தது. தொற்றுக்குள்ளான மனிதரில் இது சிலருக்கே, அதுவும் ஆண்டுக்கணக்கில், நடக்கிறது. பசு ஆன்டிபாடியின் ஒரு விரல் மட்டும் சுமார் 60 அமினோ அமிலங்கள் நீண்டு வைரஸின் இடுக்கில் நுழைகிறது.

நானோபாடியானாலும் பெப்டைடானாலும் ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரித்தால் எண்டோடாக்சின் கூடவே வரும். இதைக் கண்டுபிடிக்கும் சோதனையே ஒரு விலங்கின் கொடைதான்: குதிரைலாட நண்டின் நீல இரத்தம் எண்டோடாக்சின் பட்டால் உறைகிறது, அந்தச் சாறு 1977 முதல் உரிமம் பெற்ற சோதனைப் பொருள். அதில் ஃபேக்டர் ஜி என்ற புரதம் பூஞ்சையின் பீட்டா-குளுக்கனுக்கும் உறைவதால் பொய் எச்சரிக்கை வரும். மரபணு வழியில் தயாரித்த, எண்டோடாக்சினை உணரும் ஃபேக்டர் சி என்ற நண்டுப் புரதத்தில் அந்தத் தொல்லை இல்லை, நண்டுக்கும் நிம்மதி. நாங்கள் அழுத்திக் கேட்பது, எங்கள் புரதம் எதிர்ப்பு மண்டலத்தைத் தூண்டியது என்று வரும் ஒவ்வொரு முடிவோடும் எண்டோடாக்சின் அளவு இருக்க வேண்டும் என்பது. மாதிரியில் தெரிந்த அளவு எண்டோடாக்சினைச் சேர்த்து, அதில் 50 முதல் 200 சதவீதம் சோதனையில் திரும்பக் கிடைக்கிறதா என்றும் பார்த்திருக்க வேண்டும்; கிடைக்காவிட்டால் கரைசலே சோதனையை மறைக்கிறது. புரதத்தைக் கொதிக்க வைத்தும் தூண்டல் குறையவில்லையா? தூண்டியது புரதமல்ல, எண்டோடாக்சின்தான். எத்தனையோ புதிய கண்டுபிடிப்புகள் இந்த ஒரு கொதியில் ஆவியாகியிருக்கின்றன.

கடைசியாக ஒரு கோரிக்கை. மேலே சொன்ன எதுவும் இது இல்லாமல் நடக்காது. சுண்டெலியின் எதிர்ப்புச் செல்களை வகை பிரிக்க வேண்டிய குறிப்பான் ஆன்டிபாடிகள் ஆயிரக்கணக்கில் விலைக்குக் கிடைக்கின்றன. வௌவாலுக்கும் மாங்கபேக்கும் வாத்துக்கும் அப்படியில்லை. மனிதனுக்கென்று செய்ததை ஒட்டிப் பார்த்து, ஒட்டியதுபோலத் தெரிந்தால் சரியென்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அது வேறு எதையாவது பற்றியிருக்கக்கூடும். ஓர் இனத்துக்கான குறிப்பான்களைத் தயாரித்து, அந்தப் புரதத்தை நீக்கிய செல்லிலும் சோதித்துச் சரிபார்த்து, எல்லாருக்கும் கொடுக்கிற வேலைக்கு விண்ணப்பித்தால், புதுமை இல்லை என்று மதிப்பெண் குறைகிறது. அந்த வேலைக்கு மட்டும் புதுமை என்ற கட்டத்தை எடுத்துவிடுங்கள். வேண்டிய குறிப்பான்கள் இவ்வளவுதான்: டி செல்லுக்கு சி.டி.3, சி.டி.4, சி.டி.8, பி செல்லுக்கு சி.டி.19; ஒற்றைக்கரு வெள்ளணுவுக்கு சி.டி.14, இவற்றோடு ஐ.எல்.-6, ஐ.எல்.-10, டி.என்.எஃப். ஆகிய மூன்று சைட்டோகைன்களை 10 மைக்ரோலிட்டர் சீரத்தில் அளக்கும் ஒரு சோதனை. ஒரு வௌவால் இனத்துக்கு, ஒரு குரங்கினத்துக்கு, வாத்துக்கு என்று தொடங்கினால் போதும்.

இப்படிக்கு,
விலங்கு நோய் எதிர்ப்பியலில் பணிபுரிவோர்